முதலில் கிளாம்ப், பிறகு வால்வு

கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலை எங்கள் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் போகிறது. எண்பதுகளில் அந்தச் சாலையில் ஓடிய டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். தாரில் உரசிக்கொண்டே போகும். "லாரியில சேர்ற கரண்டு அது வழியா மண்ணுல இறங்கிடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். மல்லாட்டைக் கொல்லையில் வேலை இல்லாத ஒரு கோடையில் அப்படிப்பட்ட லாரி ஒன்றில் கிளீனராக ஏறினேன். அப்புறம் டிரைவர். அதற்கும் அப்புறம், ஏரியைத் தவிர வேறு நீர் பார்க்காத ஊரில் பிறந்த நான், கடலூர் பக்கம் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு டீசலும் பெட்ரோலும் போடும் பங்கில் சூப்பர்வைசராக உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணெயோடுதான் பிழைப்பு.

அந்தச் சங்கிலியால் பெரிய பயன் ஏதும் இல்லை என்பது எனக்கு ஒரே வருஷத்தில் தெரிந்துவிட்டது. காய்ந்த தார்ச்சாலை மின்சாரத்தை எளிதில் வாங்காது. டயர் ரப்பரில் கலக்கும் கரித்தூளே ஓரளவு மின்சாரத்தைக் கடத்திவிடும். ஓடும் லாரியில் ஆபத்து குறைவு. ஆபத்தெல்லாம் லாரி நின்ற பிறகு, மூடியைத் திறந்து எண்ணெயை ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். அங்கே சங்கிலி எதற்கும் உதவாது. கிளாம்ப் மட்டும்தான் உதவும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் வேட்டவலம் பக்கத்துக்காரர். அதிகம் படிக்காதவர். அவர் லாரியை பங்கில் நிறுத்தியதும் செய்கிற முதல் வேலை, தரையில் பதித்திருக்கும் எர்த் கம்பியின் கிளாம்பை எடுத்து லாரியின் எர்த் கட்டையில் கடிக்க விடுவது. அதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, கட்டையின் மேல் இருக்கும் பெயிண்டையும் துருவையும் இரண்டு தேய் தேய்ப்பார். உலோகம் பளிச்சென்று தெரிந்தால்தான் கிளாம்ப் போடுவார். பிறகுதான் மூடி, பிறகு ஹோஸ், பிறகு வால்வு. முடிந்ததும் தலைகீழ் வரிசை: வால்வு, ஹோஸ், மூடி, கடைசியில் கிளாம்ப். ஒரு முறை நான் அவசரத்தில் மூடியைத் திறந்துவிட்டுக் கிளாம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "டேய், ஆவி வெளிய வந்ததுக்கப்புறம் இரும்புல இரும்பு வைக்காத. பொறி வர்றதா இருந்தா அந்த இடத்துலதான் வரும்" என்றார். அன்றைக்கு மூடியை மறுபடி மூடி, ஆவி கலையும் வரை நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இதற்கான காரணத்தைப் பின்னால் டெர்மினல் பயிற்சி வகுப்புகளில் கேட்டேன். பெட்ரோலும் டீசலும் குழாய்க்குள் ஓடும்போதே, சுவரில் உரசி, தம்மேல் மின்னூட்டத்தை ஏற்றிக்கொள்கின்றன. யாரும் எதையும் தேய்க்க வேண்டியதில்லை, ஓட்டமே போதும். தண்ணீராக இருந்தால் ஏறியது உடனே வடிந்துவிடும். எண்ணெய் மின்சாரத்தை லேசில் விடாது. ஆகவே டேங்குக்குள் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த மின்னூட்டம் எண்ணெயோடேயே கிடக்கும். நடுவில் ஃபில்டர் இருந்தால் அது பல மடங்கு ஏறும். உயரத்திலிருந்து தெறித்து விழுந்தால் ஏறும். டேங்க் அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்து கலங்கினாலும் ஏறும். பெட்ரோல் ஆவி பற்ற 0.25 மில்லிஜூல் அளவுப் பொறி போதும். கார் கதவைத் தொடும்போது சில நாள் விரலில் சுரீர் என்று ஒரு அடி விழுமே, நமக்கு உறைக்கும் அந்தப் பொறியில் இதைப்போல் பல மடங்கு சக்தி இருக்கிறது. அதாவது, பெட்ரோலைப் பற்ற வைக்கும் பொறி நம் தோலுக்கே தெரியாமல் போய்விடலாம்.

அந்தக் காலத்தில் சென்னை டெர்மினல்களில் மேலிருந்து லோடு ஏற்றுவார்கள். லாரி மேல் ஏறி, மேன்ஹோலைத் திறந்து, குழாயை உள்ளே இறக்க வேண்டும். குழாயின் நுனி டேங்க் அடியைத் தொடும்படி இறக்கச் சொல்வார்கள். நுனி எண்ணெயில் மூழ்கும் வரை வால்வைக் கால்வாசிதான் திறக்கலாம். கணக்கு இதுதான்: நுனி மூழ்கும் வரை எண்ணெயின் வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது, மூழ்கிய பிறகும் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. லோடு முடிந்த உடனே டிப் ராடை உள்ளே விடக் கூடாது. எண்ணெயில் ஏறியது வடிய நேரம் கொடுக்க வேண்டும். வரிசையில் பின்னால் நிற்கிற டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். என் பெரியவர் பீடி இல்லாத வாயோடு, கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நிற்பார்.

டீசலைப் பற்றி ஓட்டுநர்களிடம் ஒரு தைரியம் உண்டு. "டீசல்ல தீக்குச்சியப் போட்டாலும் அணைஞ்சிடும்" என்பார்கள். குளிர்ந்த டீசலைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மைதான். பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவி விடும். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றும். டீசல் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்பது நம் நாட்டுத் தர அளவு. அதனால்தான் அரசு விதியில் பெட்ரோல் ஏ வகுப்பு, டீசலும் மண்ணெண்ணெயும் பி வகுப்பு. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் வெயிலில் நிற்கும் லாரியின் டேங்க் தகடு எவ்வளவு சூடு என்பது அதில் கை வைத்தவனுக்குத் தெரியும். அந்த 35 டிகிரி ஒரு பாதுகாப்பே இல்லை.

வெயிலைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதை நான் கண்ணால் பார்த்தேன். எந்த டெர்மினல் என்பது வேண்டாம். எங்களுக்கு இரண்டு லாரி முன்னால் ஒரு வண்டி டீசல் ஏற்றிக்கொண்டிருந்தது. முந்தின நடையில் டேங்கின் அதே அறையில் பெட்ரோல் ஏற்றி இறக்கிவிட்டு வந்த வண்டி அது. மேன்ஹோல் வாயிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம். ஆள் உயரத்துக்கு ஒரு தீ எழும்பியது. மேலே நின்றவர் கீழே குதித்ததில் கால் ஒடிந்தது. நுரை அடித்து அணைத்துவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "பெட்ரோல்ல வராத தீ டீசல்ல எப்படி வந்துச்சு?"

இதில்தான் விஷயமே இருக்கிறது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். அதற்குக் கீழே போனாலும் பற்றாது, மேலே போனாலும் பற்றாது. பெட்ரோல் இருக்கும் மூடிய டேங்குக்குள் நம் ஊர்ச் சூட்டில் ஆவி அந்த மேல் வரம்பைத் தாண்டி மண்டிக் கிடக்கும். உள்ளே பொறி விழுந்தாலும் எரியக் காற்று போதாது. டேங்க் வாயில்தான் ஆபத்து, உள்ளே குறைவு. ஆனால் பெட்ரோலை இறக்கிவிட்டு, மிச்ச ஆவியோடு இருக்கும் அறையில் டீசலை விட்டால், டீசல் அந்த ஆவியை உறிஞ்சும். மண்டிக் கிடந்த ஆவி குறைந்து குறைந்து, சரியாகப் பற்றும் அளவுக்குள் வந்து நிற்கும். அதே நேரத்தில் டீசல் தன்னோடு மின்னூட்டத்தையும் கொண்டுவருகிறது. தீ பிடிக்க வேண்டிய இரண்டையும் ஒரே இடத்தில் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அன்றைக்குப் பிறகு, முந்தின லோடு என்ன என்று கேட்காமல் நான் எந்த டேங்கிலும் எண்ணெய் விட்டதில்லை. இருபது லிட்டர் கேனாக இருந்தாலும் கேட்பேன். படகுகளுக்கு வந்தபோது இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் உதவியது.

ஒரு வகுப்பில் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி மூன்று கப்பல்களின் கதையைச் சொன்னார். 1969 டிசம்பர். மார்பெசா, மாக்ட்ரா, காங் ஹாக்கன் ஏழு. மூன்றும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கப்பல்கள். ஒரே மாதத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஆப்பிரிக்கக் கரையோரக் கடலில் மூன்றிலும் வெடிப்பு. மார்பெசா மூழ்கியே போனது. மூன்றும் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தவை. வெடித்தபோது மூன்றிலும் நடந்துகொண்டிருந்தது ஒரே வேலை: காலி டேங்கை அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுவது. பீய்ச்சி அடித்த தண்ணீர் திவலையாகச் சிதறி, டேங்குக்குள் மின்னூட்டம் ஏறிய மூட்டமாக நின்றது. ஆராய்ந்தவர்கள் அங்கேதான் போய் நின்றார்கள். அதன் பிறகுதான் பெரிய எண்ணெய்க் கப்பல்களின் டேங்குகளில் கொதிகலன் புகையைச் சுத்தம் செய்து நிரப்பி, ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குள் அடக்கி வைக்கும் முறை உலகம் முழுக்கக் கட்டாயமானது.

வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. தண்ணீர்கூட இதைச் செய்யும் என்பதுதான் காரணம். எங்கள் லாரி டேங்குகளையும் பிரஷர் பம்பு வைத்துத்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். காலி டேங்க் என்றால் பயமில்லை என்ற நினைப்பு எங்கள் தொழிலில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது. முக்கியமாக வெல்டர்களை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கைப் பார்த்தே பயப்பட வேண்டும்.

லாரியில் வேலை குறைந்ததற்குக் காரணம் குழாய். சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்குப் பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் வந்து, உளுந்தூர்பேட்டை பக்கம் ஆசனூரிலேயே டெர்மினல் வந்துவிட்டது. நீண்ட நடைகள் போயின. நான் அடிக்கடி எண்ணெய் இறக்கிய துறைமுக பங்கில் ஆள் தேவை என்றார்கள். போனேன்.

போன புதிதில் அங்கே எல்லோரும் சொன்னது, "அண்ணே, இது கடக்கரை. எப்பவும் ஈரக்காத்து. ஸ்டாட்டிக்கெல்லாம் உங்க ஊரு மாதிரி வறண்ட ஊருலதான்." கேட்டால் சரி என்றுதான் தோன்றும். எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் டெரிகாட்டன் சட்டையைக் கழற்றினால் படபடவென்று வெடிக்கும். கடற்கரையில் அது இல்லை. ஈரக்காற்று நம் உடம்பில், துணியில் ஏறும் மின்னூட்டத்தைக் கரைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் டேங்குக்குள், எண்ணெய்க்குள் ஏறியதை வெளிக்காற்றின் ஈரம் என்ன செய்யும்? அது குழாயில் ஏறி, டேங்கில் இறங்கி, அங்கேயே இருக்கிறது. ஈரக்காற்றை நம்பி எர்த் ஒயரைக் கழற்றி வைத்த பங்குகளை நான் கடற்கரையில்தான் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. கடற்கரையில் கிளாம்ப் ஒரு மழைக்காலம் தாங்காது. உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை புதிதாக, பளபளப்பாக இருக்கும்; உள்ளே கம்பி பொடிந்து கிடக்கும். கண்ணால் பார்த்து நம்பவே கூடாது. நான் பத்து நாளைக்கு ஒரு தடவை மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பேன். எர்த் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 10 ஓமுக்கு மேல் காட்டினால் அன்றைக்கே வெட்டிப் புதிதாக முறுக்கிவிடுவேன். ஸ்டாட்டிக்கை வடிக்க இவ்வளவு குறைந்த ஓம் தேவையே இல்லை. ஆயிரக்கணக்கான ஓம் இருந்தாலும் வடிந்துவிடும். ஆனால் நல்ல கம்பி 10 ஓம் காட்டாது. காட்டினால் கம்பி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்காகத்தான் அந்த அளவு.

நான் லாரியில் வந்து எண்ணெய் இறக்கிய காலத்தில் அந்தத் துறைமுகத்தில் பெரும்பாலும் மரப்படகு, இரும்பு டேங்க். விசைப்படகின் டேங்க் இன்ஜினோடு இரும்புக் குழாயால் இணைந்திருக்கும்; இன்ஜின் ஷாஃப்டோடும், ஷாஃப்ட் புரொப்பெல்லரோடும், புரொப்பெல்லர் கடல்தண்ணியோடும். யாரும் யோசித்துச் செய்யாமலே ஒரு பாதை இருந்தது. கடல்தண்ணியைவிட நல்ல எர்த் கிடையாது. எண்ணெயில் ஏறியது அப்படியே கடலுக்குப் போய்விடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லாம் மாறியது. உடைந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் பதிலாக எங்கள் கரையில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. ஃபைபர் உளுக்காது, எடை குறைவு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனையோ குடும்பங்கள் மறுபடி எழுந்து நின்றது அந்தப் படகுகளால்தான். ஆனால் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. கூடவே டின் கேன் போய் பிளாஸ்டிக் கேன் வந்தது. இரும்புப் புனல் மட்டும் பழைய வீட்டிலிருந்து அப்படியே வந்தது. அதுதான் இருக்கிறதிலேயே மோசமான சேர்க்கை.

எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். அவுட்போர்டு வைத்த ஃபைபர் படகு ஒன்று கரையோரம் மிதக்கிறது. இன்ஜின் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற வகை. ஆகவே படகில் இரண்டு எண்ணெயும் உண்டு. நீல பிளாஸ்டிக் கேன் படகின் அடிப்பலகையில் நிற்கிறது. நேற்று அதில் பெட்ரோல் இருந்தது. இன்றைக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். லாரியில் பார்த்த அதே கதை, இருபது லிட்டரில். கேன் வாயில் இரும்புப் புனல். தூசு வராமல் இருக்கப் புனலில் பழைய துணி கட்டியிருக்கிறது. துணி என்பது ஒரு ஃபில்டர், மின்னூட்டத்தை ஏற்றிவிடும். அந்த மின்னூட்டம் இரும்புப் புனலில் சேரும். புனலுக்குக் கீழே பிளாஸ்டிக், அதற்குக் கீழே ஃபைபர். போக வழி இல்லை. ஊற்றுகிற தகர டப்பாவோ, பங்கின் நாசிலோ புனலுக்கு அருகே வந்ததும், அந்த ஒரு மயிரிழை இடைவெளியில், ஆவி சரியாகப் பற்றும் அளவில் நிற்கிற கேன் வாயில், பொறி தாவுகிறது. பிளாஸ்டிக் கேனும் பிளாஸ்டிக் புனலும் இருந்தால்கூட இவ்வளவு ஆபத்து இல்லை. நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட இரும்புத் துண்டுதான் ஆளைக் கொல்லும்.

ஒரு நாள் சாயந்திரம் எங்கள் பங்கில் இதுவே நடந்தது. படகைக் கட்டிப் போட்டுவிட்டு, கேனைப் படகிலேயே வைத்து, ஹோஸை நீட்டச் சொல்லிப் பெட்ரோல் கேட்டான் ஒரு பையன். நான் அந்த நேரம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பியபோது புனலைச் சுற்றி ஒரு நீலத் தீ வளையம். நாசில் பிடித்திருந்தவன் எங்கள் பையன். அவன் செய்தது ஒன்றுதான் அன்றைக்கு எல்லோரையும் காப்பாற்றியது: நாசிலை வெளியே இழுக்கவில்லை. கை எடுத்தான், டிரிகர் நின்றது, "அண்ணே!" என்று கத்திக்கொண்டே இருவரும் தண்ணியில் குதித்தார்கள். நான் மெயின் சுவிட்சை அடித்தேன். தூள் சிலிண்டரை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவனுக்கு முன்கை மயிர் பொசுங்கியது. அவ்வளவுதான். நாசிலை இழுத்திருந்தால் அது வழியெல்லாம் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே வந்திருக்கும். தீயைப் பார்த்ததும் இழுக்கத்தான் கை துடிக்கும். அதனால்தான் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனிடமும், காலி நாசிலைக் கையில் கொடுத்து, "தீ" என்று கத்தி, கையை மட்டும் எடுக்கப் பழக்கினேன். கை தானாகச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது.

அதற்குப் பிறகு எங்கள் பங்கில் படகில் இருக்கும் கேனுக்கு எண்ணெய் கிடையாது. கேன் கரைக்கு வர வேண்டும். தரையில் உட்கார வேண்டும். நாசில் கேன் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். தொடாமல் மேலே தூக்கிப் பிடித்து ஊற்றக் கூடாது. புனல் கிடையாது. மெதுவாக. முழுக்க நிரப்பக் கூடாது, வெயிலில் பெருகும். முந்தின நாள் என்ன இருந்தது என்று கேட்கப்படும். முதல் மாதம் என்னைத் திட்டாத ஆள் இல்லை. "கேனத் தூக்கிட்டு வந்து, தூக்கிட்டுப் போவணுமா? இருபது லிட்டர்ண்ணே!" நியாயம்தான். நானே இறங்கித் தூக்கிக் கொடுத்தேன். ஒரு படகின் டிரைவர் வேறு பங்குக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் திரும்பி வந்தார். இந்த விதி நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கேனை வைத்து பெட்ரோல் போட்டபோது தீப்பிடித்த சம்பவங்களை அங்கே தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலேயே எச்சரிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அங்கேயும் சொன்னது அதேதான்: கேனைத் தரையில் வை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். எழும்பாது, கீழே இறங்கும். படகில் கீழே என்றால், தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம். சாலையில் சிந்தினால் காற்று கொண்டுபோகும். படகில் சிந்தினால் படகே ஒரு கிண்ணமாக அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் போட்ட கையோடு இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுவது, அதிலும் பேட்டரி ஸ்டார்ட்டர் வைத்த இன்ஜினில், அந்தக் கிண்ணத்தில் பொறி போடுவதுதான். பலகையைத் தூக்கி வை, காற்று போகட்டும், மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார், அப்புறம் கயிற்றை இழு என்பேன்.

பெரிய ஃபைபர் விசைப்படகுகளில் சங்கதி வேறு. மேல்தளத்தில் பித்தளையில் எண்ணெய் ஊற்றும் வாய். அதற்குக் கீழே ரப்பர் ஹோஸ். ஹோஸ் முடிவில் இரும்பு டேங்க். பித்தளை வாய் ஃபைபரில் பதிந்து தனியே நிற்கிறது. சுனாமிக்கு முன் தானாக அமைந்த பாதை இங்கே நடுவில் அறுந்துவிட்டது. அதை ஒரு கம்பியால் திரும்ப இணைக்க வேண்டும்: பித்தளை வாயிலிருந்து டேங்குக்கு, டேங்கிலிருந்து இன்ஜினுக்கு. இன்ஜின் ஏற்கெனவே கடலோடு இணைந்திருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியில் பெட்ரோல் படகுகளுக்கு இந்த இணைப்பு 100 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். டீசல் படகுக்கு அந்த விதி இல்லை. ஆனால் வெயிலில் கொதிக்கிற தளத்துக்குக் கீழே, இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் நம் ஊர் டீசல் டேங்குக்கு நான் அதையே வைத்துக்கொண்டேன். இன்ஜின் ரிப்பேருக்கு வருகிற மெக்கானிக் இடைஞ்சலாக இருக்கிறது என்று இந்தக் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். கம்பி இல்லாமலும் படகு ஓடும், மீன் வரும். ஒன்றும் தெரியாது. அதனால்தான் யாரும் திரும்ப மாட்டுவதில்லை.

டீசலே மாறிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. நான் லாரியில் ஏறிய காலத்து டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கும். கை நாறும், சட்டை நாறும். பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தபோது பத்து லட்சத்தில் 50 பங்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது வெறும் 10 பங்கு. ஊருக்கு நல்லது, நுரையீரலுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை எடுக்கும் அதே சுத்திகரிப்பில், எண்ணெய்க்குக் கொஞ்சமாவது மின்சாரம் கடத்தும் தன்மையைக் கொடுத்த பொருள்களும் போய்விடுகின்றன. சுத்தமான டீசல் தன்மேல் ஏறியதை இன்னும் அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கென்று மருந்து கலக்கலாம். கலந்தாலும், பழைய டீசலில் பிழைத்துப்போன அலட்சியம் புதிய டீசலில் பிழைக்கும் என்று நினைக்கக் கூடாது. கூடவே பம்புகளின் வேகமும் ஏறிவிட்டது. ஓர் அங்குலக் குழாயில் நிமிஷத்துக்கு 130 லிட்டர் ஓடினால் எண்ணெயின் வேகம் விநாடிக்கு 4 மீட்டரைத் தாண்டுகிறது. காலி டேங்கில் முதல் நிமிஷத்துக்கு அது கூடாது. இரவு கடலுக்குப் போக வரிசையில் நிற்கும் படகுகளுக்கு மத்தியில் "மெதுவா விடு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருந்ததுதான் என் வேலையில் பெரும்பகுதி.

இப்போது ஊரோடு இருக்கிறேன். கீழ்பென்னாத்தூரிலும் புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், பவர் டில்லர் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கேனில்தான் எண்ணெய் வாங்கிப் போகிறார்கள். பைக்கின் பின்சீட்டில் கேனை வைத்து, அங்கேயே வைத்தபடி ஊற்றச் சொல்கிறார்கள். பங்கில் செல்போனைக் கண்டால் விரட்டுகிறார்கள். சீட்டில் இருக்கும் கேனை யாரும் கீழே இறக்கச் சொல்வதில்லை. செல்போனால் தீப்பிடித்ததை நான் பார்த்ததில்லை. கேனில் பார்த்திருக்கிறேன். எங்கள் பங்குப் பையன்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒருவன் இறக்கச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான்.

போன மாசி மகத்துக்குக் கடலூர் போனபோது, பழக்கமான ஒரு படகு கட்டும் யார்டுக்குள் நுழைந்தேன். புதிதாக ஒரு ஃபைபர் விசைப்படகு நின்றது. பித்தளை வாய்க்கும் டேங்குக்கும் இடையே கம்பி இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். இல்லை. யார்டுக்காரரிடம் கேட்டேன். "ஓனர் கேக்கலண்ணே. கேட்டா போட்டுக் குடுக்குறோம்" என்றார். ஓனர் நம்பரை வாங்கி, அங்கேயே நின்று போன் போட்டேன். முதலில் யார் என்றே அவருக்குப் புரியவில்லை. டீசல் பங்கு அண்ணன் என்றதும் புரிந்தது. "எவ்வளவுண்ணே ஆவும்?" என்றார். நாலடி செம்புக் கம்பி, இரண்டு லக், இரண்டு போல்ட் என்றேன். போட்டுவிடச் சொன்னார். கம்பி முறுக்கி முடியும் வரை இருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.